தெள்ளுப்பூச்சியும் அரிசி மூட்டையும்: புறக்கோட்டை கண்ட கொள்ளைநோய்

கொழும்புக் கோட்டையின் மதிலுக்கு அப்பால் அமைந்தமையால் புறக்கோட்டை எனத் தமிழர் வழங்கிய பகுதியை ஆங்கிலேயர் 'பெட்டா' என்றனர். நமது 'பேட்டை' என்னும் சொல்லே அன்னார் நாவில் அவ்வாறு திரிந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அது பெரும்பாலும் குடியிருப்பாக இருந்தது. பிரித்தானியர் ஆட்சியில் துறைமுகம் வளர வளர, வீடுகள் கடைகளாயின. கடைகளின் பின்கட்டுகள் கிட்டங்கிகளாயின. கிட்டங்கிகளின் மாடியிலும் பக்கத்து ஒடுக்கறைகளிலும் மனிதர் நெருங்கி வாழ்ந்தனர். தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோர் உண்ட அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. அது செட்டியார் தெருவிலும் அதனையடுத்த தெருக்களிலும் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டு, பின்னர் புகைவண்டியில் மலைநாடு சென்றது. நாட்டாமைகளின் முதுகே அக்காலத்து வாணிகத்தைத் தாங்கிற்று என்றால் மிகையாகாது.

1914ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இத்தெருக்களில் கொள்ளைநோய் தலைகாட்டிற்று. கிட்டங்கிகளில் எலிகள் செத்துக் கிடந்தன. மனிதரும் காய்ச்சல் கண்டு மாண்டனர். பிளேக் என்றால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும் என்பதே பொதுவாக அறியப்பட்ட அடையாளம். கொழும்பு நோயாளருள் பெருந்தொகையினரிடமோ அக்கட்டி தோன்றவில்லை. கிருமி நேரே இரத்தத்தில் பெருகி அவர்களைக் கொன்றது. அடையாளம் காட்டாத நோயை இன்னதென்று தெளிவதற்குள் உயிர் பிரிந்துவிடும்.

இந்நோய் எதிர்பாராத விருந்தினன் அன்று. 1894இல் அது ஹொங்கொங்கைத் தாக்கியபோது அலெக்சாண்டர் யெர்சின் அதன் கிருமியைக் கண்டறிந்தார். 1896இல் பம்பாய்க்கு வந்தது. மறு ஆண்டே இலங்கையரசு தொற்றுத்தடுப்பு, நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. அதே 1897இல் பூனா நகரில், வீடு வீடாகப் புகுந்து பரிசோதித்த முறையால் மக்கள் கொதித்தெழ, பிளேக் அதிகாரி ராண்ட் சாப்பேக்கர் சகோதரரால் சுடப்பட்டு இறந்தார். நோயைத் தடுக்கப் புறப்பட்ட அரசு மக்களையே பகையாக்கிக்கொண்ட அந்நிகழ்ச்சி, ஆசியாவின் ஆட்சியாளர் அனைவருக்கும் ஓர் எச்சரிக்கையாயிற்று.

இலங்கை, வாயிலில் காவல் வைத்தது. தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறை முகாமிலும், பிற்காலத்தில் மண்டபம் முகாமிலும் தடுத்து நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். அம்முகாம்களின் நினைவு மலையகத் தமிழர் குடும்பங்களில் எளிதில் மறையவில்லை. ஏழைத் தொழிலாளி ஒருவன் நோயைச் சுமந்து வரக்கூடும் என்னும் ஐயம் சட்டமாகவே நிலைபெற்றிருந்தது. அவன் உண்ணவிருந்த அரிசிமூட்டையின் மீது அத்துணை ஐயம் எழவில்லை. ஆயின், கொழும்புக்குள் நோயைக் கொணர்ந்தது பெரும்பாலும் அம்மூட்டையோடு வந்த சிற்றுயிரே என்பது பின்னர் தெளிவாயிற்று.

அதனைத் தெளிவித்தவர் மாநகரசபையின் சுகாதாரப் பகுதியினர். கொழும்பு மாநகரசபை 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் பிறந்தது. அதன் நகர மண்டபம் 1873இல் கட்டப்பெற்று, 1928 வரை புறக்கோட்டையிலேயே, கெய்மன் வாயிலை அடுத்து விளங்கிற்று. எனவே எலிகள் செத்த தெருக்களுக்கும் சபை கூடிய மண்டபத்துக்கும் இடையே நடைதூரமே இருந்தது. ஆனால் அக்காலத்து வாக்குரிமை சொத்தும் வருவாயும் உடையோர்க்கே உரியது. தலைவரும் அரசு உத்தியோகத்தர். கிட்டங்கியின் சொந்தக்காரன் சபையில் குரல் கொடுக்கலாம். அதன் ஓரத்தில் படுத்துறங்கிய நாட்டாமைக்கு அங்கே ஆளில்லை. சுகாதார அதிகாரியின் அறிக்கை ஒன்றே அவன் நிலையைச் சபைக்குச் சொல்லும் வாய்ப்பாக இருந்தது.

அவ்வதிகாரி டாக்டர் மார்ஷல் பிலிப். அவருடன் பணியாற்றிய நுண்ணுயிர் ஆய்வாளர் டாக்டர் பேபியன் ஹேர்ஸ்ட். எலியிலிருந்து மனிதனுக்கு நோயைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சீமோன் 1898இலேயே கராச்சியில் காட்டியிருந்தார். ஆயினும், தெள்ளு என்றால் தெள்ளுத்தானே என்று உலகம் இருந்துவிட்டது. ஹேர்ஸ்ட் அவ்வாறு இருக்கவில்லை. கொழும்பு எலிகளின் தெள்ளுகளை ஆராய்ந்து, இந்தியாவில் கொள்ளைநோய் பரப்பிய 'கியோப்பிஸ்' என்னும் இனத்தினின்று அவை வேறானவை, 'ஆஸ்டியா' என்னும் இனத்தைச் சேர்ந்தவை என 1913இல் எழுதினார். இரண்டும் ஒரே பேரினத்தின் இரு கிளைகள். நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தாலன்றி வேற்றுமை புலப்படாது. அண்டை நாடு அல்லற்பட்டபோதும் இலங்கை தப்பியிருந்ததற்கு இதுவே காரணமாகலாம் என்று கருத இடமிருந்தது.

அடுத்த ஆண்டே நோய் வந்து புகுந்தது. கருத்து பொய்த்துவிட்டது போலத் தோன்றிற்று. வேறொருவர் அதனைக் கைவிட்டிருப்பார். ஹேர்ஸ்டோ நகரின் வெவ்வேறு பகுதிகளில் பிடிபட்ட எலிகளின் தெள்ளுகளைப் பகுதிவாரியாகப் பிரித்து எண்ணினார். நகரின் மிகப் பெரும்பகுதியில் ஆஸ்டியாவே நிறைந்திருந்தது. நோய் குடிகொண்ட தானியக் கிட்டங்கிப் பகுதியில் மட்டும் கியோப்பிஸ் மலிந்திருந்தது! சரக்குகளோடு கப்பலில் வந்திறங்கிய அவ்வினத்துக்குக் கிட்டங்கியின் தானியத் தூசியும் உலர்ந்த குப்பையும் நல்ல வளர்ப்பிடமாயின. புறக்கோட்டையில் மனிதர் இறக்க, ஏறக்குறைய அதே நெருக்கத்தில் மக்கள் வாழ்ந்த வேறு பகுதிகள் அவ்வளவாகப் பாதிக்கப்படாமைக்கு விடை கிடைத்தது.

அதே 1914இல் லண்டனில் பேக்கொட், மார்ட்டின் என்னும் இருவர் இன்னொரு முடிச்சை அவிழ்த்தனர். நோயுற்ற எலியின் இரத்தத்தைக் குடித்த தெள்ளின் உணவுவழியில் கிருமிகள் பெருகி, அதன் தொண்டையை அடைப்பதுபோல் அடைத்துவிடுகின்றன. பசி தீராத அப்பூச்சி மீண்டும் மீண்டும் கடிக்கிறது; உள்ளே செல்ல முடியாத இரத்தம் கிருமியோடு கடிவாயிலேயே திரும்புகிறது. இவ்வடைப்பு கியோப்பிஸில் எளிதாக நேர்கிறது, ஆஸ்டியாவில் அரிது. சென்னை நகரம், உள்நாட்டு ஊர்கள் பல கொள்ளைநோயால் வருந்திய காலத்திலும், பெரும்பாலும் தப்பியிருந்த புதிருக்கும் ஆஸ்டியாவே விடை என்று ஹேர்ஸ்ட் பின்னர் எடுத்துக்காட்டினார். நகரத்துக்கு வாய்த்த நற்பேறு எனப் பலர் எண்ணியது ஒரு பூச்சியின் தொண்டையமைப்பைப் பொறுத்திருந்தது.

இவ்வாராய்ச்சியின் பயன் அறிவோடு நின்றுவிடவில்லை. மனிதனைத் துரத்துவதைவிட எலியையும் அதன் உறைவிடத்தையும் கவனிப்பதே முறை என்பது உறுதியாயிற்று. எலிகளை அழித்தல், வளைகளில் நச்சுப்புகை செலுத்துதல், தரையை எலி குடையாதவாறு கட்டுதல், எல்லாவற்றினும் முக்கியமாகத் தானியம் வைக்கும் இடத்தையும் மனிதர் உறங்கும் இடத்தையும் பிரித்தல் ஆகியன வேலைத்திட்டமாயின. இவற்றுள் எலிபிடித்தல் எளிது, எவரும் மறுக்கார். கட்டடத்தில் கைவைப்பதோ வாடகையிலும் வாணிகத்திலும் கைவைப்பதாகும். கிட்டங்கியை வேறிடத்துக்கு மாற்று என்றால் வியாபாரி சீறுவான். ஒடுக்கறையை இடி என்றால் சொந்தக்காரன் சீறுவான். இடித்தபின் எங்கே படுப்பது என்று தொழிலாளி கேட்பான். மூவர் கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை. மூன்றாமவன் கேள்விக்கே விடை மிகக் குறைவாகக் கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1915இல் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத கட்டடங்கள் எழாதவாறு தடுக்கும் அதிகாரத்தை அது உள்ளூராட்சிச் சபைகளுக்கு வழங்கிற்று. இறக்குமதி அரிசியைச் சேமிப்பதற்கென, அந்நாளைய தேசாதிபதி றொபேர்ட் சாமர்ஸ் பெயரால் களஞ்சியங்களும் புறக்கோட்டையில் எழுந்தன. பிலிப்பும் ஹேர்ஸ்டும் 1914 முதல் 1916 வரை நோய் சென்ற வழியைத் தொகுத்து எழுதிய அறிக்கை 1917இல் இங்கிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி இதழொன்றில் வெளியாயிற்று. ஒரு நகரசபையின் அன்றாட வேலைப் பதிவேடு உலக விஞ்ஞானத்துக்குப் பயன்பட்ட அரிய சந்தர்ப்பம் அது.

நோய் உடனே ஒழிந்துவிடவில்லை. எலிகளிடையே ஒளிந்திருந்து மீண்டும் மீண்டும் தலைதூக்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொழும்புக்குத் தொல்லை தந்தது. இதற்கிடையில் சபையின் அமைப்பும் மாறிற்று. 1937இல் கொழும்பின் முதலாவது மேயராக வந்தவர் இரத்தினசோதி சரவணமுத்து. அவரும் ஒரு வைத்தியர். 1938க்குப் பின் இலங்கையில் கொள்ளைநோய் கண்டதாகப் பதிவில்லை. ஹேர்ஸ்ட் தம் வாழ்நாள் ஆராய்ச்சியைத் திரட்டி 'கொள்ளைநோயை வென்ற வரலாறு' எனப் பொருள்படும் ஆங்கில நூலாக 1953இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளியிட்டார்.

1897ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் ஓய்வுபெறவில்லை. 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது இலங்கையரசு தனிமைப்படுத்தல் விதிகளைப் பிறப்பித்தது அச்சட்டத்தின் கீழேதான். அவ்வாண்டின் ஊரடங்கு நாட்களில் செட்டியார் தெருவின் நகைக்கடைகளும் நான்காம் குறுக்குத்தெருவின் மொத்தக் கடைகளும் கதவடைத்துக் கிடந்தன. கடைகள் திறந்ததும் நாட்டாமைகள் அரிசியும் வெங்காயமும் சுமந்து அதே தெருக்களில் மீண்டும் நடந்தனர்.