கடலில் மறைந்த பிரயாணியின் ஞாபகம்: இறக்கக்கண்டிக் கரையிலிருந்து ஓர் ஆராய்ச்சி

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வழியாக இறக்கக்கண்டிக்குச் செல்வோர் வீதியருகே போர்வீரர்களின் கற்கள் நிற்கும் பொதுநலவாய யுத்த மயானத்தைக் காண்பர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்று துறைமுகத்தில் தீப்பற்றியழிந்த ‘சகாயிங்’ என்னும் நீராவிக் கப்பல், 1924இல் கட்டப்பெற்றுப் பர்மா மார்க்கத்தில் பிரயாணிகளையும் சரக்கையும் சுமந்து திரிந்தது. 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படையினர் பன்மாத முயற்சியால் அதன் இரும்புடலை நீருக்கு மேலே தூக்கியெடுத்தபோது, அதன் வயதும் நீளமும் பத்திரிகைகளிற் பிரசுரமாயின. போர்வீரனுக்குக் கல்லும் கப்பலுக்குக் கீர்த்தியும் உரியனவாயின. கட்டணஞ் செலுத்தி ஏறிய பிரயாணிக்கு உரியது யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

அரசு தனக்குச் சேவை செய்தோரை மாத்திரமே நினைக்கும் இயல்புடையது என்பது என் அபிப்பிராயம். அதே யுத்தத்தில் மாண்ட இந்தியக் கடற்படையினரும் வணிகக் கப்பற் சிப்பந்திகளுமாகிய ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரின் நாமங்கள் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் ஏடுகளிற் பதிந்து போற்றப்படுகின்றன. தாமதமாகவேனும் கப்பற் கூலியாளுக்கு இந்த நியாயம் கிட்டிற்று. மேற்றளத்திற் பாய்விரித்துப் படுத்த பிரயாணியோ எவருக்கும் சேவகனல்லன். ஆதலால் அத்தகைய ஏடு எதுவும் அவனைத் தேடியதாக நான் அறியேன். 1887 மே 25இல் ‘சர் ஜான் லாரன்ஸ்’ என்னும் கப்பல், பூரி ஜகந்நாதரைத் தரிசிக்கப் புறப்பட்ட நூற்றுக்கணக்கான யாத்திரிகரோடு வங்கக் கடற்புயலில் மூழ்கிற்று; மாண்டோரிற் பெரும்பாலார் பெண்கள். ஆங்கில மாதர் சிலர் கருணையோடு கல்கத்தாவில் ஹூக்ளி நதித் துறையொன்றில் ஒரு கல்லைப் பதித்தனர். கப்பலின் பெயர் அக்கல்லில் உண்டு. யாத்திரிகை ஒருத்தியின் பெயரேனும் இல்லை. பாமர மக்களின் ஞாபகம் இவ்விஷயத்தில் மேலானது என்று எண்ணிவிடவும் இயலாது. 1888 நவம்பரில் கத்தியவார்க் கரையருகே காணாமற்போன ‘வைதர்ணா’வை, அதன் மின்விளக்குகள் காரணமாக ‘விஜ்லி’ என அழைத்த குஜராத்தி மக்களின் பாட்டிலும், நிலைத்தவை கப்பலின் பெயரும் ஹாஜி காசம் என்பவரின் பெயருமே.

பிரயாணியை மறக்கும் இவ்விழிவின் உச்சம் ‘திலாவா’வின் கதை. 1942 நவம்பர் 20இல் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கா நோக்கிப் புறப்பட்ட இக்கப்பலில் பிரயாணிகள் 732 பேர். மூன்று நாள் கழித்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய குண்டினால் அது மூழ்க, மாண்டோர் 280 பேர். அதிற் கிடந்த வெள்ளிப் பாளங்களில் 2,364, 2017இல் ஆழத்திலிருந்து மீட்கப்பட்டன; மீட்டோருக்கு ஊதியம் உண்டா என்னும் வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம்வரை சென்று 2024இல் தீர்ப்பாயிற்று. பாளத்துக்குப் பாளம் கணக்கு வைக்க ஆளிருந்தது. மனிதருக்காக 2022 நவம்பரில், எண்பதாண்டு கழித்து, பம்பாயிற் கூடியோருள் முதன்மையானவர்கள் மாண்டோரின் வழித்தோன்றல்களும் தப்பியவர்களின் குடும்பத்தாரும்.

அவ்வாறாயின், பிரயாணியின் ஞாபகத்தைக் காத்துவந்த நிறுவனம் குடும்பமே. அதன் கருவி கர்மம். திருகோணமலைப் பிரதேசத்தில் இது நூலறிவன்று, வழக்காறு. இறந்தவர்க்கு அந்தியேட்டி என்னும் ஈமக்கிரியை செய்யக் கன்னியா வெந்நீரூற்றுகளுக்குச் செல்வதும், தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தோர் சித்திரா பௌர்ணமியிலும் விரதமிருப்பதும் யாவரும் அறிந்தவை. சடலம் கிடையாதவிடத்துத் தருப்பையாற் பாவை செய்து தகனம் செய்யச் சாஸ்திரம் இடங்கொடுக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் இறக்கக்கண்டியில், மறுபாதியின் மரபையும் நோக்குதல் வேண்டும். ஷாபி மத்ஹபு என்னும் சட்டநெறி, கண்முன் இல்லாத மையித்துக்காக (சடலத்துக்காக)க் காயிப் ஜனாஸாத் தொழுகையை அனுமதிக்கிறது. நீரில் மூழ்கி இறந்தவரைச் சஹீதுகளின் (உயிர்த்தியாகிகளின்) வரிசையில் வைப்பது ஹதீஸ். இரு மரபுகளும் உடலின்மையை மரணத்தின் குறையாகக் கொள்ளாமல், அதற்கென ஒரு விதியை வகுத்தன.

ஆயினும் கர்மத்துக்கு ஓர் எல்லையுண்டு. தர்ப்பணத்திற் பெயர் சொல்லி அழைப்பது பிதா, பிதாமகன், பிரபிதாமகன் என்னும் மூன்று தலைமுறையளவே. அதற்கப்பால் நாமம் மறைந்து பொதுவான பித்ருக்களுட் கலந்துவிடுகிறது. 1887இன் யாத்திரிகை இவ்வெல்லையை எப்போதோ கடந்துவிட்டாள். 1942இன் பிரயாணி இப்போதுதான் விளிம்பில் நிற்கிறான். பேரர்கள் பொதுவிடத்திற் கூடத் தொடங்கியமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று நான் கருதுகிறேன். வீட்டு ஞாபகம் தளரும் வேளையிலேயே பொது ஞாபகம் தேவைப்படுகிறது.

வீட்டுச் சடங்கு அந்தரங்கமானது, அது சரித்திரத்துக்குச் சான்றாகாது என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். ஆனால் சடங்கின் நாளே சான்று தரக்கூடும்: இறந்த நாள் அறியப்படாதவருக்கு அமாவாசையிலேயே திவசம் கொடுப்பது வழக்கம். ஆகவே ஒரு குடும்பத்தில் ஏனையோர்க்கெல்லாம் தனித்தனித் திதி இருக்க, ஒருவருக்கு மட்டும் அமாவாசை வாய்த்திருந்தால், அவர் மரணத்தை நேரிற் கண்டார் எவருமில்லை என்னும் செய்தி, எழுத்தில்லாமலே அங்குப் பதிந்திருக்கக்கூடும். அவர் கடலிலேதான் மறைந்தார் என்று இது நிறுவாது. காட்டில் மறைந்தாருக்கும் தேசாந்தரம் போய்த் திரும்பாதாருக்கும் அதே நாளே விதி. எனினும் விசாரணையை எந்த வாயிலில் தொடங்குவது என்பதை அது காட்டும். முஸ்லிம் இல்லங்களில் ஆண்டுதோறும் இறந்தவருள் எவருக்காகக் கத்தம் (குர்ஆன்) ஓதப்படுகிறது என்று வினவுவதும் இதற்கு ஒப்பானது. இரயில் வருமுன் கிழக்குக்கரையாரின் தூரப் பிரயாணம் பெரிதும் நீராவிக் கப்பல்களையும் பாய்க்கப்பல்களையும் நம்பியிருந்தது. ஆதலின் குச்சவெளி முதல் மூதூர் வரையிலான ஊர்களில் இத்தகைய திதிகளையும் கத்தங்களையும் முதியோரிடம் கேட்டுக் குறித்து, துறைமுகப் பதிவுகளோடும் பழைய பத்திரிகைச் செய்திகளோடும் ஒப்பிடும் வேலையை, அம்முதியோர் இருக்கும்போதே மேற்கொள்ளுதல் வேண்டும்.