சக்கரம் வைத்த இடம்

பயிற்சி விமானி ஒருவர் தரையிறங்கும்போது சிறு விமானம் பாதையைவிட்டு ஓடிச் சாய்ந்தால், பழி முழுவதும் அவர் தலையில்தான் விழுகிறது. அவரிடம் பிழையே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிழை எந்த வகை விபத்தாக முடியும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது சக்கரங்களை வைத்த இடம்தான் என்பதற்கு அமெரிக்கச் சிறு விமானங்களின் வரலாறே சாட்சி.

1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 பைப்பர் ஜே-3 கப் விமானங்கள் தயாராயின. இரண்டாம் உலகப் போரையொட்டி அமெரிக்க அரசு நடத்திய பயிற்சித் திட்டத்தில் விமானம் ஓட்டக் கற்ற நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பலர் இதில்தான் கற்றார்கள். முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலில் ஒரு சிறு சக்கரம். எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். தரை தொட்டபின் விமானம் சற்றே கோணினாலும், பின்னாலிருக்கும் எடை அந்தக் கோணலை வளர்த்துக்கொண்டே போகும். விமானத்தைத் திருப்பும் ரட்டர் மிதியைக் கால் உடனே அழுத்தாவிட்டால் விமானம் சுழன்று, இறக்கை தரையில் உரசும். இதற்குப் பெயர் கிரவுண்ட் லூப். போதாக்குறைக்கு, கப்பைத் தனியாக ஓட்டுபவர் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். தரையில் இருக்கும்போது மூக்கு பார்வையை மறைக்கும்.

மாற்று வழி முன்பே தெரிந்திருந்தது. மூன்றாம் சக்கரத்தை மூக்குக்கு அடியில் வைத்தால் எடை மையம் பிரதானச் சக்கரங்களுக்கு முன்னால் வந்துவிடும்; கோணிய விமானம் தானாகவே நேராக முனையும். பொறியாளர் ஃபிரெட் வெய்க் வடிவமைத்த எர்கூப் 1937-லேயே இப்படிப் பறந்தது. ஆனால் மூக்குச் சக்கரம் எடையைக் கூட்டும், புல்தரையின் பள்ளங்களில் எளிதில் உடையும் என்ற எதிர்ப்பு இருந்தது. அதில் நியாயம் உண்டு. கெட்டியான ஓடுபாதைகள் பெருகப் பெருக அந்த எதிர்ப்பின் வலு குறைந்தது. வால் சக்கரம் கொண்ட செஸ்னா 170, மூக்குச் சக்கரத்தோடு 1956-இல் செஸ்னா 172 ஆகச் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில் பயிற்சிக்கென்றே செஸ்னா 150 வந்து சேர்ந்தது.

விபத்து ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. வேகம் குறையுமுன் விமானத்தை வலிந்து தரையில் அழுத்தினால் மூக்குச் சக்கரம் முதலில் மோதி, விமானம் துள்ளித் துள்ளி, புரொப்பெல்லர் தரையில் இடிக்கும். வடிவம் மாறியதும் விபத்தின் முகமும் மாறியது என்றே இதைப் படிக்க வேண்டும். மூக்குச் சக்கரம் விமானிகளின் கால்களைச் சோம்பேறியாக்கியது என்ற பழைய ஆசிரியர்களின் புகாரும் உண்மைதான். ஆனால் அதுவும் திறமையை விமானத்தின் வடிவம்தான் வளர்க்கிறது என்றே காட்டுகிறது. இதற்கேற்பவே, வால் சக்கர விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சியும் பயிற்றுநரின் கையொப்பமும் வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே அத்தகைய விமானத்தைத் தலைமை விமானியாக ஓட்டியவர்களுக்கு மட்டும் விலக்கு.