மாசுணமும் மறைந்து வரும் நோயும்

பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் மாவட்டத்து வயல்வெளிகளின் நடுவே அமைந்த ஊர் பாகான் செராய். பாகான் என்பது மலாய் மொழியில் படகு வந்தணையும் துறை. செராய் என்பது எலுமிச்சைப் புல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர்ப் பால்மரத் தோட்டங்களுக்கும் தமிழர் கப்பலேறி வந்து குடியமர்ந்த வட்டாரம் இது. 1906ஆம் ஆண்டில் புக்கிட் மேரா நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டபின் இங்கு நெல் விளைவு பெருகிற்று. நெல் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பாம்பு உண்டு. மலாய் மக்கள் 'உலார் சாவா' என்றழைக்கும் மலைப்பாம்பு வரப்பிலும் வாய்க்காலிலும் பால்மரக் காட்டிலும் கண்ணிற் படுவது இப்பக்கத்தில் புதுமையன்று. பண்டைத் தமிழர் அதனை மாசுணம் என்றனர். நற்றிணையிலும் மலைபடுகடாத்திலும் அச்சொல் ஆளப்பட்டிருத்தல் தமிழாசிரியர் அறிந்ததே.

தோட்டத்து மக்கள் பாம்பைக் கண்டால் அடித்தனர். அன்றேல் வழிவிட்டு ஒதுங்கினர். நல்ல பாம்பெனின் புற்றடியிற் பால் வார்த்துக் கும்பிட்டனர். பெட்டியிலிட்டுப் படுக்கையறையில் வளர்க்கும் எண்ணம் அவர்களுக்கு எழவில்லை. பாம்பினால் வருந் தீங்கு என்றால் அவர்கள் அறிந்தது நஞ்சு ஒன்றே. நஞ்சில்லாத பாம்பு தீங்கற்றது என்பதே பொதுவான கருத்து. அக்கருத்து பாதி உண்மை. மறுபாதி வெளிப்பட நெடுநாள் ஆயிற்று.

முதலில் ஆராயப்பட்டதும் நஞ்சே. 1950களில் பினாங்குப் பொது மருத்துவமனையிற் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட், வடமேற்கு மலாயாவின் மீன்பிடி ஊர்களில் கடற்பாம்புக் கடியை ஆராய்ந்தார். அக்கடலிற் பிடிபட்ட பாம்புகளின் நஞ்சைக் கொண்டே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கடற்பாம்புக் கடிக்கு முதன்முதலாக மாற்றுமருந்து செய்யப்பட்டது. தோட்டங்களிற் பலரைத் தீண்டிய மலாயாக் குழிவிரியனின் நஞ்சு குருதியை உறையவிடாமற் செய்வதையும் அவர் கூர்ந்து நோக்கினார். அந்நோக்கிலிருந்து, குருதிக் குழாய் அடைப்புக்கு 'ஆன்கிராட்' என்னும் மருந்தே பிறந்தது. பால் வெட்டப் போனவன் காலிற் பட்ட கடி, கடல் கடந்த நாட்டு நோயாளிக்கு மருந்தாயிற்று.

நஞ்சில்லாப் பாம்பின் கணக்கு வேறு. 1969ஆம் ஆண்டில் மலேசிய மருத்துவர் சிலர், இறந்த ஓராங் அஸ்லி மக்களின் உடல்களை அறுத்தாய்ந்த முடிவை வெளியிட்டனர். பாதியை நெருங்கிய அளவினரின் ஈரல் முதலிய உறுப்புகளில் சின்னஞ்சிறு கட்டிகள் காணப்பட்டன. அவற்றினுள் இருந்தது மலைப்பாம்பின் நுரையீரலில் வாழும் ஓர் ஒட்டுயிரின் இளநிலை. புழுப்போலத் தோன்றினும் அது புழுவன்று. நண்டு, இறால் இனத்துக்கு உறவுடையது. பாம்பின் சளியிலும் எச்சத்திலும் அதன் முட்டை வெளிப்படும். பாம்பைத் தொட்ட கை வாய்க்குச் சென்றாலும், முட்டை கலந்த நீரைப் பருகினாலும், வேகாத பாம்பிறைச்சியை உண்டாலும் மனித உடலுட் புகும். பெரும்பாலோர்க்கு அதனால் நோய்க்குறி ஏதும் தோன்றுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அச்சத்தை மிகுதிப்படுத்துதல் ஆராய்ச்சியாகாது. ஆயினும் கடியாமலே பாம்பு ஒன்றைக் கொடுத்துச் செல்லக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று.

பாம்பு வணிகத்தில் இவ்வுண்மை எவ்வாறு வெளிப்பட்டது என்பதற்கு 1978ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தக்க சான்று. ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக் காடுகளில் ஒருவகைச் சிறு மலைப்பாம்பு உண்டு. அஞ்சினால் தலையை உள்ளே மறைத்துப் பந்துபோற் சுருண்டுகொள்ளும், கடிப்பது அரிது. அதனாலேயே வளர்ப்போர் அதனைப் பெரிதும் விரும்பினர். இத்தகைய பாம்புகள் கானாவிலிருந்து அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக்கு வந்திறங்கின. பெட்டிகளைப் பிரித்துப் பாம்புகளின் செதில்களுக்கிடையே ஒட்டியிருந்த உண்ணிகளைப் பிடுங்கியெடுப்பது அங்குள்ள தொழிலாளர் வேலை. சில நாட்களில் அவர்களிற் சிலர்க்குக் கடுங்காய்ச்சல் கண்டது. ஆராய்ந்தபோது அது 'கியூ காய்ச்சல்' எனத் தெரியவந்தது.

இப்பெயரின் வரலாறும் சுவையானது. 1930களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர இறைச்சிக் கூடத் தொழிலாளரிடையே இனந்தெரியாத காய்ச்சல் ஒன்று பரவிற்று. காரணம் விளங்காமையால், ஆராய்ந்த மருத்துவர் டெரிக், வினா என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தையே அதற்குப் பெயராக்கினார். காரணமான நுண்ணுயிர் பின்னர்க் கண்டறியப்பட்டது. பெயர் மட்டும் வினாவாகவே நின்றுவிட்டது. ஆடு, மாடு, உண்ணி ஆகியவற்றில் வாழும் அந்நுண்ணுயிர் உலர்ந்த தூசியிலும் நெடுநாள் சாகாது. மூச்சோடு உட்சென்று நோய் செய்யும். மூட்டை பிரிப்பவன் பாம்புக்கு அஞ்சிக் கையுறை இடுவான், மூச்சுக்கு அஞ்சுவானா?

குடலில் வாழும் சால்மொனெல்லாக் கிருமியோ இதனினும் பரவலானது. ஊர்வனவற்றின் குடலில் அது இயல்பாக இருப்பது. பாம்புக்கு நோய் தராது. எச்சத்தோடு வெளிவந்து தொட்டி, தட்டு, கை எங்கும் ஒட்டும். வளர்ப்பவர் தாங்கிக்கொண்டாலும், அவர் கைபட்ட பாற்புட்டியைச் சுவைக்கும் குழந்தைக்குக் கொடிய வயிற்றுப்போக்கும் சில வேளைகளில் குருதியில் நஞ்சேற்றமும் உண்டாகும். சிற்றாமைகளால் குழந்தைகள் நோயுற்றதைக் கண்டு 1975ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசு நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓட்டையுடைய ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது.

காட்டிற் பிடித்த பாம்பிடம் இவை மிகுவதற்குக் காரணம் உண்டு. காட்டிலுள்ள பாம்பு தன் உண்ணியையும் ஒட்டுயிரையும் ஒருவாறு தாங்கி வாழும். பையிற் கட்டி, நீரின்றி, நெருக்கியடைத்து, வெப்பமும் குளிரும் மாறிமாறித் தாக்கப் பல நாள் கொண்டுசெல்லும்போது அத்தாங்கும் ஆற்றல் குன்றுகிறது. இரையை மறுக்கும், நுரையீரலிற் சளி கட்டும், ஒட்டுயிர் பெருகும், ஒன்றன் நோய் அடுத்ததற்குத் தாவும். கடையில் வாங்குபவன் காண்பது பளபளப்பான தோலை மட்டுமே.

வாங்கியவன் சலித்துப்போய் வெளியே விட்டால் விளைவது யாது என்பதற்குப் புளோரிடாச் சதுப்பு நிலம் சான்று பகர்கின்றது. 1996 முதல் 2006 வரை ஏறத்தாழ 99,000 பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவுக்குள் இறக்குமதியாயின. தப்பியனவும் விடப்பட்டனவும் அச்சதுப்பிற் பெருகின. அவற்றோடு ஆசியாவின் நுரையீரல் ஒட்டுயிர் ஒன்றும் சென்றது. இன்று அது தவளை, பல்லி வழியே புளோரிடாவின் சொந்தப் பாம்புகளுட் புகுந்து, அவற்றின் நுரையீரலில் குருதி குடிக்கிறது. மலைப்பாம்பு எட்டாத இடங்களுக்கும் அது எட்டிவிட்டது.

அம்மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017ஆம் ஆண்டில் அழைக்கப்பட்டவர் தமிழர் இருவர்: செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். முதல் எட்டு நாட்களில் 13 பாம்புகளைப் பிடித்துக் காட்டினர். 2023ஆம் ஆண்டில் இருவர்க்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டில் தோன்றியது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், பிடித்த பாம்பை மட்பானையில் மூன்று நான்கு வாரம் வைத்து, நஞ்சைக் கறந்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டிலேயே விடுவது அவர்கள் வழக்கம். பாம்போடு தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள் அதனை வீட்டுப் பொருளாக்கவில்லை என்பது எண்ணத்தக்கது.

பாகான் செராய்க்கு அண்மையிலும் இவ்வணிகத்தின் தடம் உண்டு. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பினாங்கிலிருந்து ஜக்கார்த்தாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு பயணப்பெட்டி கோலாலம்பூர் விமான நிலையத்திற் பிளந்துகொண்டது. உள்ளே 95 போவா மலைப்பாம்புகளும், காண்டாமிருக விரியன் இரண்டும், ஓர் ஆமையும் இருந்தன. போவா தென்னமெரிக்காவுக்குரியது, காண்டாமிருக விரியனோ ஆப்பிரிக்காவுக்குரியது. மூன்றாம் கண்டத்துப் பெட்டியொன்றில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

அவ்வழியே தமிழகத்துக்கும் திரும்பியது. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த பயணியிடம் 22 பாம்புகளும், ஜூலையில் திருச்சிராப்பள்ளி வந்த இன்னொருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் அகப்பட்டன. தாத்தா பால்மரம் வெட்டக் கப்பலேறிய அதே வழியில், பேரன் காலத்தில் பாம்பு பறந்து வருகிறது. அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்னும் இந்தியச் சட்டத் திருத்தம் அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்திருந்தது.

பிடிபட்டவற்றை ஏறிய நாட்டுக்கே திருப்பியனுப்புவது வழக்கம். ஆனால் மலேசியாவில் ஏறிய பாம்புகள் யாவும் மலேசியப் பாம்புகளல்ல. ஆப்பிரிக்காவின் பந்துப் பாம்பைப் பாகான் செராய்ப் பால்மரக் காட்டில் அவிழ்த்துவிட முடியாது. இந்நாட்டு உலார் சாவாவே ஆயினும், எந்தப் பெட்டியில் எந்தப் பாம்போடு கிடந்தது, எந்த உண்ணியை ஏற்றுக்கொண்டது என்று அறியாமல் அதனைக் கிரியான் வரப்பில் விடுவதும் எளிதன்று. ஆகவே கால்நடை மருத்துவர் அதனைத் தனியே அடைத்து வைத்து, எச்சத்தைக் கண்ணாடியின்கீழ் ஆராய்ந்து, உண்ணிகளை ஒவ்வொன்றாகக் களைகின்றனர். இம்முறை முகக்கவசம் அணிந்துகொண்டு.