மாடு தூக்கியது தண்ணீரையா?

கச்சிராயபாளையத்துக்காரர்களுக்குத் தண்ணீர் இரண்டு வகை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, கோமுகி அணையில் தேங்கி, மதகு திறந்தால் வாய்க்காலில் தானாக ஓடிவருவது ஒன்று. கிணற்றில் கிடப்பது இன்னொன்று. அணையில் 46 அடி வரை நீரைத் தேக்கலாம். அங்கிருந்து வயல் வரைக்குமான வேலையைப் புவியீர்ப்பு விசை கூலி வாங்காமல் செய்துவிடும். ஆனால் அணை வந்ததே 1960-களில்தான். அதற்கு முன்பும், வாய்க்கால் எட்டாத மேட்டுக்காட்டில் அதற்குப் பின்பும், அதே புவியீர்ப்பை எதிர்த்து யாரோ ஒருவர் தண்ணீரைத் தூக்கவேண்டி இருந்தது. அந்த 'யாரோ'வின் வரலாறுதான் இது.

கவலை இறைப்பை நான் கண்ணால் பார்த்ததில்லை. தாத்தா சொல்லக் கேட்டதுதான். தோல் சால், அதை இழுக்கும் வடம், சாலின் தும்பியைக் கட்டுப்படுத்தும் வால்கயிறு, மாடுகள் இறங்கி ஏறச் சரிவான வாரி. "மாடு இறங்கறப்போ ஒண்ணும் தெரியாதுடா. பின்னால ஏறி வருது பாரு, அப்பதான் அதுக்கு மூச்சு வாங்கும்" என்பார். சால் நிறைந்து மேலே வரும்போது சுலபம், காலிச் சால் கீழே போகும்போது கஷ்டமா? கேட்க விசித்திரமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தாத்தா சொன்னது அப்படியே சரி.

சால் 100 கிலோ, கிணறு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடி மாடு 600 கிலோ. வாரியில் 6 அடி நடந்தால் 1 அடி இறங்கும். அப்படியானால் மாடுகளின் எடையில் ஆறில் ஒரு பங்கு சரிவின் திசையில் கீழே இழுக்கும். அதாவது 100 கிலோ. சாலின் எடையும் 100 கிலோ! உராய்வை விட்டுவிட்டால், மாடு தன் பலத்தால் இழுக்கவே வேண்டாம். இறங்கினாலே போதும், சால் மேலே வந்துவிடும். போதாததற்குக் கவலை ஓட்டுபவரும் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்ப்பார்.

ஆனால் இயற்கையில் எதுவும் இனாம் கிடையாது. திரும்பி ஏறும்போது மாடுகள் தங்கள் 600 கிலோவையும் ஒன்றேமுக்கால் மீட்டர் அளவுக்கு மேலே தூக்கியாக வேண்டும். கணக்குப் பார்த்தால், 100 கிலோ தண்ணீரை 10 மீட்டர் தூக்கிய அதே வேலை. மாடு தூக்கியது தண்ணீரை இல்லை, தன்னை. ஒவ்வொரு சாலுக்கும் ஒருமுறை, அதுவும் பின்பக்கமாக நடந்து.

ஏற்றத்தில் அந்த மாட்டின் இடத்தில் மனிதர்கள். நெம்புகோல் போன்ற நெடிய மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பார்கள். அவர்கள் எடை ஒரு பக்கம் போனால் சால் மறுபக்கம் எழும். ஏற்றப்பாட்டில் எண்ணிக்கை வருவது சும்மா இல்லை. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் அதற்குள்தான் ஓடியது. சால் தைத்துக் கொடுத்த தோல் தொழிலாளர்களின் உழைப்பையும் இதோடு சேர்க்கவேண்டும். அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர்கள் தைத்த சாலில் வந்த தண்ணீரை மட்டும் ஊர் வயலுக்குள் விட்டுக்கொண்டது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் சென்னை மாகாணத்தில் ஆயில் இன்ஜின் பம்புகளைப் பரப்ப முனைந்தார். 1932-ல் பைக்காராவில் நீர்மின்சாரம் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் மின்சார மோட்டார் கிராமம் கிராமமாக நுழைந்தது. 5 குதிரைத்திறன் மோட்டார் பாதித் திறனில் ஓடினாலும், நாம் கணக்குப் போட்ட அந்தச் சாலை ஐந்தே நொடியில் மேலே கொண்டுவந்துவிடும்.

பழைய கிணறுகளில் பாதி ஆழத்தில் ஒரு மேடை கட்டி மோட்டார் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பம்பு தண்ணீரை 'உறிஞ்சுவது' என்பதே ஒரு பேச்சுக்குத்தான். உண்மையில் காற்று மண்டலத்தின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அதனால் சுமார் 10 மீட்டருக்கு மேல் தள்ள முடியாது, நடைமுறையில் 7, 8 மீட்டர்தான். இத்தாலியில் பம்புக்காரர்கள் இதே எல்லையில் முட்டி நின்றதை கலிலியோ 1638-ல் எழுதினார். காரணத்தை அவருடைய சீடர் டாரிசெல்லி சொன்னார். நம்மூரில் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரும் கூடவே கிணற்றுக்குள் இறங்கியது. கடைசியில் நீர்மூழ்கி மோட்டார் வந்தது. அது அடியிலிருந்து தள்ளுவதால் அந்த எல்லை அதற்கு இல்லை.

மின்கட்டணத்தை எதிர்த்த போராட்டத்தில் 1970-ல் பெருமாநல்லூரில் விவசாயிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. அது சலுகை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஏற்றமரத்தில் நடந்த கால்களையும் வாரியில் பின்னால் ஏறிய மாடுகளையும் நினைத்தால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஆனாலும் ஒன்று மாறிப்போய்விட்டது. கவலை காலத்தில், கிணறு ஒரு அடி ஆழமானால் அந்த ஒரு அடியை மாடு உணரும், ஓட்டுபவர் உணருவார். "இன்னைக்குப் போதும்" என்று நிறுத்த உடம்பே சொல்லும். இன்று நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து ஏறிவரும் தண்ணீர், கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பில் பாய்கிறது. அதன் எடை மட்டும் குறையவே இல்லை. ஒரு லிட்டர் இப்போதும் ஒரு கிலோதான். அந்தக் கனத்தைச் சுமந்து சொல்ல வயலில் யாரும் இல்லை, அவ்வளவுதான்.