பூட்டிய மிதிவண்டியும் ‘உரிமை கோரப்படாத சொத்தும்’

கோடை விடுமுறை நெருங்கும்போது இந்தியப் பல்கலைக்கழக விடுதிகள் பலவற்றின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்கப்படாத மிதிவண்டிகள் ‘உரிமை கோரப்படாதவை’ எனக் கருதி அகற்றப்படும் என்பது அதன் சாரம். நாள் கடந்ததும் பூட்டுகள் அறுக்கப்படுகின்றன, வண்டிகள் ஒரு மூலையில் குவிக்கப்படுகின்றன, பின்னர் ஏலம். கள ஆய்வு முடிந்து சில மாதங்கள் கழித்துத் திரும்பும் ஆய்வு மாணவர், தாம் பூட்டி நிறுத்திய இடம் வெறுமையாக இருப்பதைக் காண்கிறார். விடுதி அலுவலகத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: “அறிவிப்புக் கொடுத்தாயிற்று.”

அந்த அறிவிப்பு எளிதாகக் கையாளும் சொல்லுக்கு நீண்ட சட்ட வரலாறு உண்டு. 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 25ஆம் பிரிவு, உரிமை கோரப்படாத சொத்தைக் காவலர் பொறுப்பேற்று, அதன் பட்டியலை மாவட்ட நடுவரிடம் அளிக்க வேண்டும் என்றது. அடுத்த பிரிவின்படி நடுவர் பொருள்களைக் குறிப்பிட்டுப் பொது அறிவிப்பு வெளியிடலாம். உரியவர் வந்து உரிமையை நிறுவ அந்த அறிவிப்பு நாளிலிருந்து ஆறு மாதம். அக்காலமும் கழிந்த பின்னரே விற்பனை. 1857 எழுச்சியின் நிழலில், ஆளப்படுவோரை அடக்கும் கருவியாக வடிக்கப்பட்ட சட்டம் அது. அதைப் போற்றுவதற்குக் காரணம் ஏதுமில்லை. ஆயினும் வழியில் கிடந்த ஒரு குடைக்கு அது தந்த அவகாசத்தை, பூட்டி நிறுத்திய மிதிவண்டிக்கு இன்றைய விடுதி அறிவிப்புத் தருவதில்லை.

விடுதிக் காப்பாளர் காவலர் அல்லர், ஆகவே அச்சட்டம் அவரைக் கட்டுப்படுத்தாது என வாதிடலாம். வாதம் சரியே. ஆனால் காவலர் அல்லாதார்க்கும் விதிகள் எழுதப்பட்டன. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு, கண்டெடுத்த பொருளை உரியவருக்காகப் பாதுகாப்பவரைக் குற்றவாளியாக்கவில்லை. உரியவரை அறிய நியாயமான முயற்சி செய்யாமல், நியாயமான காலம் காத்திராமல், அதைத் தனதாக்கிக்கொள்பவரையே அது குற்றவாளி என்றது. அதன் கீழுள்ள எடுத்துக்காட்டுகளில் ஒன்று, விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உரியவரைத் தேடாமல் உடனே விற்றவனைப் பற்றியது, அவன் குற்றவாளி. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவில் இந்த விதி தொடர்கிறது.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இன்னும் நுணுக்கமானது. பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தம் பொறுப்பில் எடுப்பவர், ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குரிய கடமையை ஏற்கிறார் என்பது 71ஆம் பிரிவு. 169ஆம் பிரிவு விற்பனைக்கு இடம் தருகிறது; ஆனால் தேடியும் உரியவர் கிடைக்காதபோது, அல்லது உரிய செலவைத் தர அவர் மறுத்தபோது மட்டுமே. அப்போதும் பொருள் அழியும் அல்லது தன் மதிப்பில் பெரும்பகுதியை இழக்கும் நிலையில் இருக்க வேண்டும். அன்றேல் பாதுகாப்புச் செலவு அதன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்ட வேண்டும். கொட்டகையில் நிற்கும் வண்டி ஒரு கோடையில் அழிந்துவிடுவதில்லை. திறந்த வெளியில் குவிக்கப்பட்ட பிறகு மழையில் துருப்பிடிப்பது வேறு கதை.

இவ்விதிகளை எழுதியோர் மிதிவண்டியை எண்ணிப் பார்த்திருக்க இயலாது. இந்தியாவில் அது பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். பல பத்தாண்டுகள் அது இங்கிலாந்திலிருந்து இறங்கிய சரக்கு. உள்நாட்டு உற்பத்தி வலுப்பெற்ற காலமும் புதிய கல்வி வளாகங்கள் எழுந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. சென்னை டி.ஐ. சைக்கிள்ஸ் 1949, சோனிபட் அட்லஸ் 1951, லூதியானா ஹீரோ 1956. ஹிஜ்லித் தடுப்புமுகாம் கட்டடத்தில் கரக்பூர் ஐ.ஐ.டி. தொடங்கியதும் 1951இல்தான். ஏறக்குறைய 2100 ஏக்கர் பரந்த அத்தகைய வளாகத்தில் விடுதிக்கும் வகுப்பறைக்கும் இடையே மிதிவண்டி ஆடம்பரமாக இருக்கவில்லை. வருகைப் பதிவேடே அதைச் சார்ந்திருந்தது.

அக்காலத்து வண்டிக்கு இன்னோர் அடையாளமும் இருந்தது. நகராட்சிகள் பல மிதிவண்டிக்கு ஆண்டு வரி விதித்து, எண் பொறித்த உலோக வில்லையை வழங்கின. வில்லை இல்லாத வண்டியை ஊழியர் பிடித்து வைப்பது மக்களுக்குப் பெருந்தொல்லை. அவ்வரி ஊர் ஊராக மறைந்தபோது வருந்தியவர் இலர். எனினும் வில்லையோடு ஒரு பதிவும் மறைந்தது: இந்த வண்டி இன்னாருடையது என்று அரசாங்கத்தின் ஏட்டில் இருந்த ஒரு வரி. அதன்பின் உரிமைக்குச் சான்றாக எஞ்சியவை பிரேமில் பொறித்த எண், கடை ரசீது, பூட்டு ஆகிய மூன்றே. ரசீதை ஐந்தாண்டு பாதுகாக்கும் மாணவர் அரியர்.

ஆகவே பூட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பின்சக்கரத்தில் பொருத்தும் பழைய வளையப் பூட்டு வண்டியை ஓடவிடாது; ஆனால் எதனோடும் கட்டுவதில்லை. இருவர் தூக்கி லாரியில் ஏற்றினால் போயிற்று, எதையும் உடைக்க வேண்டியதில்லை. கம்பியோடு பிணைக்கும் சங்கிலிப் பூட்டோ அறுத்தால்தான் வழிவிடும். இரண்டும் சொல்லும் செய்தி ஒன்று: உரியவர் திரும்பி வருவார். கைவிடுதல் என்பது சட்டத்தில் மனத்தைச் சார்ந்தது. உரிமையைத் துறக்கும் எண்ணம் வேண்டும். தூசியும் காற்றிறங்கிய டயரும் உரியவர் இங்கில்லை என்பதற்கு மட்டுமே சான்று. பூட்டு அவரது எண்ணத்துக்குச் சான்று. அதை அறுத்துக் குப்பையில் எறியும்போது, அவர் சட்டைப்பையில் இருக்கும் சாவியும் பயனற்றதாகிறது. அச்சாவியால் மெய்ப்பிக்கக்கூடிய ஒன்றே அழிந்துவிட்டது.

அகற்றும் நாளில் ஒவ்வொரு வண்டியின் பிரேம் எண்ணையும் நின்ற இடத்தையும் குறித்து, படமெடுத்து, அறுத்த பூட்டை அதே வண்டியில் கட்டிவைக்க ஒரு பிற்பகல் போதும். ஆறு மாதம் வைத்திருக்க ஒரு கொட்டகை போதும். வண்டியை இழந்தவர் தரப்பில் முதல் வேலை வாக்குவாதமன்று, எழுத்து: வண்டியின் அடையாளம், பூட்டிய நாள், ஊரிலில்லாத காலத்துக்கான துறைத்தலைவர் கடிதம், அகற்றியோர் பட்டியலின் நகல் கோரிக்கை. பொது நிறுவனமெனில் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஏலப் பதிவுகளையும் கேட்கலாம். வழக்காடும் அளவுக்கு எவரும் போவது அரிது. போக விரும்பினால், பிறர் கைப்பட்ட அசையும் பொருளை மீட்க 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் மூன்றாண்டு தருகிறது. அது யாரிடம் உள்ளது என உரியவர் முதலில் அறியும் நாளிலிருந்து. முதுகலைப் படிப்பு இரண்டாண்டில் முடிந்துவிடுகிறது.