கோடையில் ஆறு கிழமை: 'அப்வர்ட் பவுண்ட்' வந்த பாதை

1924ஆம் ஆண்டு கோடை. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஜோன்சன் சிற்றி என்ற சின்ன ஊரில் பள்ளிக்கூடம் முடித்த 15 வயதுப் பெடியன் ஒருவனை வீட்டார் சான் மார்க்கோஸில் இருந்த ஆசிரியர் கல்லூரிக்கு அனுப்பிவைக்கிறார்கள். நேராகக் கல்லூரி வகுப்புக்கு இல்லை. அவன் படித்த பள்ளிக்கூடத்துக்கு முழு அங்கீகாரம் கிடையாது. அப்படியான பள்ளிகளில் இருந்து வரும் பிள்ளைகள் 12ஆம் வகுப்புப் பாடங்களைப் படித்து முடித்துத் தகுதி பெறுவதற்காக அந்தக் கல்லூரியே ஒரு கீழ்ப்பிரிவை நடத்தியது. பெடியன் சில கிழமைகள்தான் தாக்குப்பிடித்தான். பிறகு கலிபோர்னியாப் பக்கம் வெளிக்கிட்டுவிட்டான். 1927இல் திரும்பி வந்து அதே கல்லூரியில் சேர்ந்து, 1930இல் பட்டம் எடுத்தான்.

பெயர் லிண்டன் பெயின்ஸ் ஜோன்சன். அமெரிக்காவின் 36ஆவது ஜனாதிபதி. வியட்நாம் யுத்தத்தோடு சேர்த்துத்தான் எங்களில் கனபேருக்கு அந்தப் பெயர் தெரியும். அது நியாயமும்தான். ஆனால் பள்ளி மாணவர்களைக் கோடை விடுமுறையில் கல்லூரி வளாகத்துக்குக் கூட்டிப்போய்ப் படிப்பிக்கிற ஒரு திட்டத்தை அரசாங்கச் செலவில் நாடு முழுக்கக் கொண்டுபோனதும் அவருடைய ஆட்சிதான். அந்தத் திட்டத்தின் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

அதற்கு முதல் ஒரு விசயம். எங்கட ஊரில் லீவு என்றால் ரியூசன். பல்கலைக்கழகம் போவதற்கு உயர்தரப் பரீட்சை, அதுக்குப் பிறகு இசட் புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி. நல்லதோ கெட்டதோ, வழி எது எண்டு ஊரில எல்லாருக்கும் தெரியும். அமெரிக்காவில் அப்படி ஒரே பரீட்சை கிடையாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எந்தக் கணிதம், எந்த விஞ்ஞானம், எந்த மொழி எடுத்தாய் என்று பார்ப்பார்கள். அதுக்கு மேல் சற் மாதிரியான தேர்வுகள், ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம், தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை, உதவிப்பணத்துக்கான படிவம். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி விண்ணப்பம். இதெல்லாம் எங்கேயும் ஒளித்து வைத்த இரகசியம் இல்லை. ஆனால் அம்மா அப்பா கம்பஸ் போன வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே இது கதைபடும். போகாத வீட்டில் யார் சொல்லித்தருவது? பத்தாம் வகுப்பில் பிழையான கணித வகுப்பில் போய் இருந்த பிள்ளைக்கு, கதவு பூட்டுப்பட்டது தெரிய வருகிறபோது வயது 17.

விடுமுறையும் அங்கே நீளம். ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் முடியும்வரை பள்ளிக்கூடம் இல்லை. வசதியான பிள்ளைகள் முகாம், பயணம், மேலதிக வகுப்பு என்று போவார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வேலைக்குப் போய் உழைக்கிற காலம், அல்லது சும்மா வீட்டில் கிடக்கிற காலம்.

இந்த விடுமுறையைக் கல்லூரிகள் பயன்படுத்தலாம் என்ற யோசனை ஜோன்சனுடையது இல்லை. 1964 கோடையிலேயே டார்ட்மத், பிரின்ஸ்டன், ஒபர்லின் ஆகிய கல்லூரிகள் ரொக்ஃபெல்லர் நிதியத்தின் பணத்தோடு வறிய மாணவருக்கான கோடை வகுப்புகளைத் தொடங்கியிருந்தன. யேல் பல்கலைக்கழகமும் அதே ஆண்டில் ஒரு கோடைகால உயர்நிலைப் பள்ளியைத் திறந்தது. டார்ட்மத் கோடையில் படித்த பெடியள் அதற்குப் பிறகு பணக்காரத் தனியார் விடுதிப் பள்ளிகளுக்குப் போனார்கள். கெட்டிக்காரர் சிலரைப் பொறுக்கியெடுத்து அவர்களை வேறு உலகத்துக்குக் கொண்டுபோகிற முறை அது. அதே 1964 கோடையில்தான் மிசிசிப்பியில் சிவில் உரிமை இயக்கத்தவர்கள் 'சுதந்திரப் பள்ளிகள்' நடத்தினார்கள். அங்கே கறுப்பினப் பிள்ளைகள் வாக்குரிமையும் தங்கள் வரலாறும் படித்தார்கள். அது கல்லூரிக்கு ஆயத்தம் செய்கிற வேலை இல்லை. ஆனால் கோடை என்பது வெறும் விடுமுறை மட்டும் இல்லை என்பதை அந்த ஆண்டு இரண்டு பக்கமிருந்தும் காட்டியது.

ஜோன்சன் 1964 ஜனவரியில் 'வறுமைக்கெதிரான போர்' என்று அறிவித்தார். அந்த ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் திகதி பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தால் உருவான அலுவலகத்துக்குத் தலைவராக வந்தவர் சார்ஜன்ட் ஷ்ரைவர். 1965 கோடையில் அந்த அலுவலகம் சில கல்லூரிகளில் ஏறத்தாழ 2,000 மாணவரோடு பரீட்சார்த்தமாக ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்தது. அடுத்த ஆண்டு அது நாடு முழுக்கப் போனது. பெயர் 'அப்வர்ட் பவுண்ட்'. மேல்நோக்கிப் புறப்பட்டவர்கள் என்று அர்த்தம் எடுக்கலாம்.

1965 நவம்பர் 8ஆம் திகதி ஜோன்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட இடம் வெள்ளை மாளிகை இல்லை. தான் முதற்தரம் விட்டுவிட்டு ஓடிய அதே சான் மார்க்கோஸ் கல்லூரிக்குப் போய்த்தான் போட்டார். படிப்புக்கு நடுவில் காசில்லாமல், 1928இல் கொட்டுலா என்ற ஊரில் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த கதையையும் அன்றைக்குச் சொன்னார். அந்தப் பிள்ளைகளில் அநேகருக்குக் கல்லூரி எட்டாக்கனி என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. அரசியல்வாதி மேடையில் சொல்கிற கதைதானே என்று நாங்களும் யோசித்தோம். ஆனால் கொட்டுலாவில் படிப்பித்தது உண்மை. அந்தச் சட்டம் கொண்டுவந்த பணமும் உண்மை.

1965 சட்டம் 'டாலன்ட் சேர்ச்' என்ற இரண்டாவது திட்டத்தைக் கொண்டுவந்தது. கல்லூரிக்குள் வந்த பிறகு உதவி செய்கிற மூன்றாவது திட்டம் 1968இல் வந்தது. மூன்று ஆனபடியால் 'ட்ரியோ' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். பிறகு எத்தனையோ திட்டங்கள் சேர்ந்தும் பெயர் மூன்றிலேயே நிற்கிறது. வறுமை ஒழிப்பு அலுவலகத்தின் கையிலிருந்த அப்வர்ட் பவுண்டும் கல்வி அலுவலகத்துக்குக் கைமாறியது. இந்தக் கைமாற்றம் சின்ன விசயம் போலத் தெரியும். ஆனால் வறுமைக்கெதிரான போரின் அலுவலகத்தைப் பின்னால் வந்த அரசாங்கங்கள் இழுத்து மூடியபோது, கல்விப் பக்கம் போயிருந்த திட்டங்கள் தப்பிக்கொண்டன.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? வழக்கமாக ஆறு கிழமை கல்லூரி விடுதியில் தங்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு பிள்ளையோடு ஒரே அறை. காலையில் வகுப்புகள். கணிதம், ஆய்வுகூட விஞ்ஞானம், எழுத்து, இலக்கியம், வேற்றுமொழி ஆகியவை கட்டாயம் என்று பிற்காலத்தில் சட்டமே சொல்லிவிட்டது. செப்ரெம்பரில் பள்ளிக்கூடத்தில் வரப்போகிற பாடத்தை ஜூலையிலேயே ஒருக்காப் பார்த்துவிடுவார்கள். பின்னேரத்தில் ஒப்படை, பாடம் சொல்லித்தர மூத்த மாணவர், இரவு குறித்த நேரத்துக்கு அறைக்குள் நிற்க வேண்டும். வேறு கல்லூரிகளைப் போய்ப் பார்ப்பார்கள், விண்ணப்பம் நிரப்பப் பழகுவார்கள். பள்ளிக்கூடம் முடித்தவர்களுக்குக் கல்லூரி தொடங்க முன்னம் வருகிற கடைசிக் கோடையில் உண்மையான கல்லூரிப் பாடம் ஒன்றை எடுக்கவும் வழி இருக்கிறது. நூலகம் எங்கே, பேராசிரியரிடம் எப்படிப் போய்க் கேள்வி கேட்பது, உணவுச்சாலையில் தட்டை எங்கே வைப்பது என்பதெல்லாம் முதல் நாளைக்கு முதலே தெரிந்திருக்கும். கம்பஸில் முதற் கிழமை திக்குமுக்காடின எவரிடமும் கேட்டுப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு சொல்லுவினம்.

கையில் கொஞ்சக் காசும் கொடுக்கிறார்கள். கோடை மாதங்களில் மாதம் 60 டொலர் வரை, மற்ற மாதங்களில் 40 டொலர் வரை என்பது சட்டத்தில் எழுதிய உச்சவரம்பு. கோடையில் வேலைக்குப் போய் வீட்டுக்குக் காசு கொடுக்கிற பிள்ளைக்கு இது எந்த மூலைக்கு? திட்டத்தின் பலவீனமான இடம் இதுதான் என்பது எங்கட எண்ணம். படிப்பு இலவசம்தான், ஆனால் ஆறு கிழமை உழைப்பை இழப்பது இலவசம் இல்லை.

பொறுக்கியெடுத்த 1964 திட்டங்களிலிருந்து அப்வர்ட் பவுண்ட் வேறுபட்டது ஒரு முக்கியமான இடத்தில். கோடை முடிய, பிள்ளை தன்னுடைய ஊருக்கு, தன்னுடைய பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போகும். வருசம் முழுக்க பின்னேரமோ சனிக்கிழமையோ தொடர்பு இருக்கும். யாரும் ஊரைவிட்டுக் கழற்றியெடுக்கப்படுவதில்லை.

ஜோன் கின்யோனெஸ் என்ற தொலைக்காட்சிச் செய்தியாளரின் கதை இதுக்கு நல்ல உதாரணம். டெக்ஸாஸின் சான் அன்ரோனியோவில் ஸ்பானிய மொழி பேசும் வறிய குடும்பம். 13 வயதில், தகப்பனுக்கு வேலை போக, குடும்பத்தோடு மிச்சிக்கனில் செரிப் பழமும் ஒஹாயோவில் தக்காளியும் பிடுங்கப் போனவர். செய்தியாளர் ஆகவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, தச்சுவேலையோ மோட்டார் திருத்துகிற வேலையோ படியேன் என்று புத்தி சொன்னார்களாம். அப்வர்ட் பவுண்ட் வழியாகக் கல்லூரிக்குப் போனார், பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். நடிகை வயோலா டேவிஸ் றோட் ஐலண்டின் சென்ட்ரல் ஃபோல்ஸ் என்ற வறிய ஊரிலிருந்து இதே திட்டத்துக்கு வந்தவர். 2017இல் ஒஸ்கார் வாங்கினார். இப்படிப் பெயர்களை அடுக்கிக்கொண்டு போகலாம். ஆனால் புகழ்பெற்ற நாலு பேரை வைத்து ஒரு திட்டத்தை நியாயப்படுத்துவது எங்களுக்கு அவ்வளவு பிடிப்பில்லை. தாதியாகவோ ஆசிரியராகவோ ஊரிலேயே இருக்கிற மற்ற ஆயிரக்கணக்கானோரை அது மறைத்துவிடும்.

யாரைச் சேர்ப்பது என்ற கேள்வியில் ஒரு சொல் பிறந்த கதையும் இருக்கிறது. 'வறிய மாணவர்', 'பின்தங்கிய மாணவர்' என்றுதான் முதலில் சொன்னார்கள். 1969இல் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இந்த வேலையைத் தொடங்கிய ஆர்னோல்ட் மிச்செம் போன்றவர்கள் 'முதல் தலைமுறை மாணவர்' என்ற சொல்லுக்காக வாதாடினார்கள். 1980இல் அது சட்டத்துக்குள் போனது. பெற்றோர் இருவரிடமும் இளமாணிப் பட்டம் இல்லையென்றால் அந்தப் பிள்ளை முதல் தலைமுறை. சேர்க்கப்படுவோரில் மூன்றில் இரண்டு பங்கினர் வருமானத்திலும் குறைந்து, முதல் தலைமுறையாகவும் இருக்க வேண்டும். இந்தச் சொல் நிறத்தைப் பேசவில்லை. அப்பலாச்சிய மலைக்கிராமத்து வெள்ளைப் பிள்ளையும், சிக்காகோவின் கறுப்பினப் பிள்ளையும், டெக்ஸாஸின் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளையும் ஒரே வரைவிலக்கணத்துக்குள் வந்தார்கள். நாடாளுமன்றத்தில் இரண்டு கட்சியிலும் ஆதரவு நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

இந்தத் திட்டத்தால் பயன் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் பெரிய சண்டை நடந்தது. 1990களில் அரசாங்கம் மத்தமற்றிக்கா என்ற ஆய்வு நிறுவனத்திடம் மதிப்பீட்டைக் கொடுத்தது. 67 இடங்களில், விண்ணப்பித்தவர்களைச் சீட்டுக்குலுக்கிப் பிரித்தார்கள். பாதிப்பேர் உள்ளே, மீதிப்பேர் வெளியே. பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் வந்த இறுதி அறிக்கை, ஒட்டுமொத்தமாகக் கல்லூரியில் சேர்வதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை என்றது. ஆனால் பட்டம்வரை போவோம் என்று தாங்களே எதிர்பார்க்காத மாணவரிடம் நல்ல பலன் தெரிந்தது என்றும் அதே அறிக்கை சொன்னது. கல்வித் திணைக்களத்தில் அந்த ஆய்வைக் கண்காணித்த மார்கரெட் கஹலன் என்ற ஆய்வாளர் தரவை மறுபடி எடுத்துப் பார்த்தார். 67 இடங்களில் ஒரேயொரு இடத்துக்கு மட்டும் மொத்தக் கணக்கில் 26 சதவீத நிறை கொடுக்கப்பட்டிருந்தது. அந்த இடமோ மற்றவற்றைப் போன்றதும் இல்லை. அதைச் சரிக்கட்டினால் முடிவு திட்டத்துக்குச் சாதகமாகத் திரும்புகிறது என்று அவர் காட்டினார். சீட்டில் வெளியே விழுந்தவர்களில் கணிசமானோர் வேறு உதவித் திட்டங்களுக்குப் போய்விட்டதும் இன்னொரு சிக்கல். தண்ணீர் குடித்தவனையும் மோர் குடித்தவனையும் ஒப்பிட்டுவிட்டு, தண்ணீர் தாகம் தீர்க்காது என்று சொல்ல முடியுமோ?

புஷ் அரசாங்கம் 2005இல் திட்டத்துக்கான பணத்தை முழுசாக வெட்ட முன்மொழிந்தபோது, வந்துகொண்டிருந்த இந்த அறிக்கைகள்தான் கையில் இருந்தன. நாடாளுமன்றம் சம்மதிக்கவில்லை. 2006இல் புதிதாக இன்னொரு சீட்டுக்குலுக்கல் ஆய்வு அறிவிக்கப்பட்டது. தேவைக்கு மேல் பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரை வெளியே நிறுத்தி ஒப்பிட வேண்டும். திட்டத்தை நடத்துகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். வறிய வீட்டுக் கதவைத் தட்டி, வா படிக்கலாம் என்று ஆசைகாட்டி, பிறகு உன்னுடைய சீட்டு விழவில்லை என்று எப்படிச் சொல்வது? 2008இல் நாடாளுமன்றம் அந்த முறையைச் சட்டத்தால் தடுத்தது. ஆய்வாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு: இடம் குறைவு என்றால் எப்படியும் யாரோ வெளியேதான் நிற்கிறார்கள், சீட்டு அதை நேர்மையாகச் செய்கிறது. நாங்கள் இதைப் பற்றிக் கதைத்தபோது எங்களுக்குள்ளேயே இரண்டு பக்கம் பிரிந்து நின்றோம். ஆனால் வெளியே நிறுத்துவதற்கென்றே பிள்ளை தேடுவது வேறு கதை என்பதில் எல்லாரும் ஒத்துப்போனோம்.

2017இல் நடந்ததைக் கேட்டால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். ஒவ்வொரு கல்லூரியும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக விண்ணப்பித்துத்தான் பணம் பெற வேண்டும். அந்த முறை பல டசின் விண்ணப்பங்களை வாசிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். காரணங்களில் ஒன்று, வரிகளுக்கிடையில் இரட்டை இடைவெளி விடவில்லை என்பது. ஒஹாயோவின் விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்தின் நீண்ட விண்ணப்பத்தில் பிடிபட்டது இரண்டு விளக்கப்படங்களின் எழுத்து இடைவெளி மட்டும்தான். இரு கட்சி உறுப்பினர்களும் சத்தம் போட்ட பிறகுதான் அவற்றை வாசிக்கச் சம்மதித்தார்கள். வறிய பிள்ளைக்குப் படிவம் நிரப்பப் பழக்குகிற திட்டமே படிவத்தில் தடக்குப்பட்டு விழப்பார்த்தது.

இன்றைக்கு ட்ரியோ திட்டங்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1.2 பில்லியன் டொலர். 2025 மே மாதம் ட்ரம்ப் நிர்வாகம் வெளியிட்ட வரவுசெலவு முன்மொழிவு அதைப் பூச்சியமாக்கக் கேட்டது. வறிய மாணவரைச் சேர்க்கக் கல்லூரிகளுக்குக் காசு கொடுத்து ஊக்கப்படுத்த வேண்டிய காலம் போய்விட்டது என்பது அதில் சொன்ன காரணம். சேர்த்துக்கொள்ளக் கல்லூரி ஆயத்தமாக இருக்கலாம். ஆனால் பத்தாம் வகுப்பில் எந்தக் கணிதத்தை எடுப்பது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது என்ற கேள்வி அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.