தோட்டக்காரன் சாம்

ஜே. ஆர். ஆர். ரொல்கீன் எழுதிய 'மோதிரங்களின் தலைவன்' 1954இலும் 1955இலும் மூன்று பாகங்களாக வெளிவந்த நாவல். மந்திரவாதிகளும் அரசர்களும் உலாவும் அந்த நெடுங்கதையைப் படித்து முடித்தபின் என் மனத்தில் நின்றவன் ஒரு தோட்டக்காரன். பெயர் சாம் கம்ஜீ. எஜமானன் புரோடோவின் பின்னால் சமையற் சட்டிகளையும் ஒரு சிறு பெட்டியில் உப்பையும் சுமந்து நடப்பவன். இவன் எங்கிருந்து வந்தான் என்பதையே நேயர்களோடு இன்று ஆராய விரும்புகிறேன்.

பெயரிலிருந்து தொடங்கலாம். ரொல்கீன் ஒக்ஸ்போர்ட்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். சாமின் முழுப்பெயரான 'சாம்வைஸ்' அம்மொழியில் 'அரை அறிவுடையோன்' எனப் பொருள்படும். பேர்மிங்ஹாமைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் சாம்ப்சன் கம்ஜீ 1880இல் காயங்களுக்குக் கட்டும் ஒருவகைப் பஞ்சை உருவாக்கினார். ரொல்கீன் வளர்ந்த அப்பகுதியில் பஞ்சுக்கே 'கம்ஜீ' என்ற பெயர் வழங்கிற்று. காயத்தில் வைக்கும் பஞ்சின் பெயர் இவனுக்கு வாய்த்தது எவ்வளவு பொருத்தம்! நாவலின் ஆரம்ப வரைவுகளில் சாம் இல்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஆயினும் அவனுடைய வேர் போர்க்களத்தில் இருக்கிறது. 1916 யூனில் ரொல்கீன் லங்கஷயர் பியூசிலியர்ஸ் படையணியின் இளநிலை அதிகாரியாகப் பிரான்சுக்குச் சென்றார். யூலை முதலாந் திகதி சொம் சமர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரித்தானியப் படையில் மாண்டோர் 19,240 பேர். பாடசாலைத் தோழர் ரொப் கில்சன் அவர்களுள் ஒருவர். இன்னொரு தோழரான ஜெப்ரி சிமித் அதே ஆண்டு டிசம்பரிற் காயத்தால் இறந்தார். ரொல்கீன் அகழிக் காய்ச்சல் கண்டு நவம்பரில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

அக்காலத்தில் அதிகாரிக்கு ஒரு சிப்பாய் பணியாளாக இருப்பான். 'பற்மன்' என்பர். சீருடையைத் துப்புரவாக்குவதும் உணவு தேநீர் கவனிப்பதும் அவன் வேலை. அதிகாரி பெரும்பாலும் படித்த குடும்பத்தவர். பற்மனோ தொழிலாளி வீட்டுப் பிள்ளை. ஊரில் ஒரே மேசையில் அமரமாட்டாதவர்கள் அகழியில் ஒரே சேற்றிற் கிடந்தார்கள். தாம் அந்தப் போரில் அறிந்த சிப்பாய்களினதும் பற்மன்களினதும் சாயலே சாம் என்றும், அவர்கள் தம்மிலும் எவ்வளவோ மேலானவர்கள் என்றும் ரொல்கீன் பின்னாளிற் சொன்னார்.

விசுவாசமான வேலையாள் ஆங்கில இலக்கியத்துக்குப் புதியவனல்லன். டிக்கன்ஸின் 'பிக்விக்' தொடரில் 1836இல் வந்த சாம் வெல்லரை வாசகர் கொண்டாடினர். ஆனால் வெல்லர் கெட்டிக்காரன், வாய்ச்சாலகன். நம் தோட்டக்காரனிடம் அந்தச் சாதுரியம் இல்லை. மாயமோதிரம் கைக்கு வந்தபோது, பாலைநிலத்தையெல்லாம் பூங்காவாக்கும் பேராற்றலை அது ஆசைகாட்டுகிறது. தன் கையாற் கொத்தக்கூடிய சிறு தோட்டம் போதும் என்று அவன் விலகிவிடுகிறான்.

என்னை நிறுத்திவைப்பது வேறோர் இடம். மனிதரோடு மனிதர் பொருதும் சண்டையை முதன்முதல் காணும் சாமின் அருகே எதிரிப்படை வீரன் ஒருவன் செத்து விழுகிறான். இவன் பெயர் என்ன, எந்த ஊரான், உண்மையில் தீயவன்தானா, எந்தப் பொய் இவனை வீட்டைவிட்டு இத்தனை தூரம் இழுத்து வந்தது என்று சாம் எண்ணுகிறான். இப்பகுதி 1944இல் எழுதப்பட்டது. அப்போது ரொல்கீனின் மகன் கிறிஸ்ரோபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாபிரிக்காவில் இருந்தார். எழுதிய அதிகாரங்கள் அவருக்கே அனுப்பப்பட்டன. போரைக் கண்ட நம்மவர் இப்பந்தியை வேகமாக வாசித்துக் கடக்க முடியாது. 2002இல் வந்த திரைப்படத்தின் நீண்ட வடிவில் இச்சிந்தனையைப் பிரபுகுலத்துப் பரமிரின் வாயில் வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆனால் சாமை முழுநல்லவனாக்கவும் ரொல்கீன் விரும்பவில்லை. மலைப்படிகளில் உறங்கும் புரோடோவின் முழங்காலைக் கொலம் மெல்லத் தொடுகிறான். மனந்திரும்பும் தறுவாய் அது. கண்விழித்த சாம் சுடுசொல் வீசுகிறான். அத்தோடு அந்தக் கணம் கைநழுவுகிறது. கொலம் அவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். இறந்த பகைவனுக்கு இரங்கியவனுக்கு, பக்கத்தில் உயிரோடிருந்தவனின் முகமாற்றம் தெரியவில்லை. கதையின் ஆகத் துயரமான கணம் இதுவாகலாம் என்று ரொல்கீன் 1963இற் கடித வரைவொன்றிற் குறித்திருக்கிறார்.